மிக லேசான சிஸ்டம் எது என்று கேட்காதீர்கள்

அலமாரியின் மேல் தட்டில் பழைய லேப்டாப் ஒன்று இல்லாத வீடு இன்று குறைவு. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வருவதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம். ஆனாலும் எடைக்குப் போட மனம் வராது. அப்படி ஒன்றை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இருப்பதிலேயே மிக லேசான ஆபரேட்டிங் சிஸ்டம் எது?"

இதற்குப் பதில் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. டைனி கோர் என்பார் ஒருவர். பப்பி லினக்ஸ் என்பார் இன்னொருவர். எல்லாமே நல்ல சிஸ்டங்கள்தான். ஆனால் கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து. எது லேசானது என்று பார்ப்பதற்கு முன், எதற்கு இன்னும் எத்தனை வருடங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். அந்த லேப்டாப் முன்னால் உட்காரப் போவது பிளஸ் டூ படிக்கும் பிள்ளையாகவோ, பென்ஷன் கணக்கு பார்க்கும் அப்பாவாகவோ இருந்தால், இதுதான் முதல் கேள்வி.

ஒரு காலத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கம்ப்யூட்டருக்குப் பெரிய சுமை. அதைக் குறைத்தால் வேகம் கூடியது. இன்று சுமை இடம் மாறிவிட்டது. டேம் ஸ்மால் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் பலருக்கு நினைவிருக்கும். 2005 வாக்கில் பிரவுசர் உட்பட எல்லாவற்றையும் 50 எம்.பி.க்குள் அடக்கிக் காட்டியது. பல வருடங்கள் காணாமல் போய், 2024-ல் திரும்பி வந்தது. இப்போது அதன் இலக்கு ஒரு சிடிக்குள், அதாவது 700 எம்.பி.க்குள் அடங்குவது. அதே பெயர், 14 மடங்கு எடை! இன்றைய வெப்சைட்டுகளைத் திறக்கக் கூடிய பிரவுசரை 50 எம்.பி.க்குள் அடைக்க முடியாது என்பதுதான் விஷயம்.

ராம் மெமரியிலும் இதே கதைதான். மிக லேசான லினக்ஸுக்கும் சற்றே கனமான லினக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் சில நூறு எம்.பி. மட்டுமே. மெயிலையும் யூடியூபையும் இரண்டு டேப்களில் திறந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். யூடியூப் வீடியோக்கள் இன்று விபி9, ஏவி1 போன்ற முறைகளில் வருகின்றன. பழைய கிராபிக்ஸ் சிப்புக்கு இவற்றை டிகோட் செய்யத் தெரியாது. முழு வேலையும் பிராசஸர் தலையில் விழும். எவ்வளவு லேசான சிஸ்டம் போட்டாலும் இது மாறாது.

அடுத்து, மிக லேசானவற்றில் சில சங்கடங்கள் உண்டு. டைனி கோர் சுமார் 23 எம்.பி.தான். ஆனால் அதில் பிரவுசர் கூட இருக்காது, ஒவ்வொன்றையும் நாமே சேர்க்க வேண்டும். பப்பியில் வழக்கமாக நாம் ரூட் யூசராகவே, அதாவது எல்லா உரிமைகளோடும் வேலை செய்கிறோம். கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு இது விளையாட்டு. வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்க இது ஏற்றதல்ல.

சரி, எப்படித் தேர்வு செய்வது? முதலில் பிராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். பெயரில் ஏமாந்துவிட வேண்டாம். 2006 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் டுவோ 32 பிட். அதே ஆண்டு பின்னால் வந்த கோர் 2 டுவோ 64 பிட். நடுவில் ஒரு "2" இருப்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 2008-ல் குட்டி நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270-ம் 32 பிட்தான். சந்தேகம் இருந்தால் 64 பிட் லினக்ஸ் ஒன்றை பென் டிரைவில் போட்டு பூட் செய்து பாருங்கள். பிராசஸர் 32 பிட் என்றால் அது மேற்கொண்டு போகாமல் எர்ரர் காட்டி நின்றுவிடும்.

64 பிட் என்றால் கவலை வேண்டாம். தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் விற்பனையான லேப்டாப்களில் பெரும்பாலானவை 64 பிட்தான். 4 ஜி.பி. ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். இதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜி.பி.தான் என்றால் டெபியன் 13-ஐ எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்புடன் போடலாம். நீண்ட கால ஆதரவையும் சேர்த்தால் 2030 ஜூன் வரை ஓடும்.

32 பிட் என்றால் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக் கொண்டு வருகின்றன. கூகுள் குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. உபுண்டு 2017-ல் 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் இல்லை. ஃபயர்பாக்ஸ் 144-தான் 32 பிட் லினக்ஸுக்குக் கடைசி என்று மோசில்லா 2025-ல் அறிவித்தது. மிச்சம் இருப்பது டெபியன் 12, அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போன்றவைதான். டெபியன் 12-க்கான நீண்ட கால ஆதரவும் 2028 ஜூனில் முடிகிறது.

எனவே 32 பிட் லேப்டாப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் கசக்கும். அதில் நெட் பேங்கிங் வேண்டாம். ஆதார், பான் விவரங்களை டைப் செய்ய வேண்டாம். ஆன்டிஎக்ஸ் போட்டு, இணையத்தோடு இணைக்காமல் கட்டுரை எழுத, பாட்டு கேட்க, பிள்ளைகள் புரோகிராமிங் பழகப் பயன்படுத்துங்கள். இதற்கெல்லாம் அது இன்னும் பல வருடங்கள் உழைக்கும்.

"என் எக்ஸ்பி இன்றும் அருமையாக ஓடுகிறதே" என்று சிலர் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கின்றன. வேகமாக ஓடுவது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு.

இதைவிட ஆபத்து, சில கடைகளில் போட்டுத் தரும் "லைட்" விண்டோஸ். யாரோ முகம் தெரியாதவர் விண்டோஸை வெட்டிச் சுருக்கி வெளியிட்டது அது. எடையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அப்டேட் வசதியும் டிஃபெண்டரும்தான். உள்ளே வேறு எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது அவருக்கே வெளிச்சம். வீட்டு பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு லேசாகத் திறக்கிறது என்று மகிழ்வது போலத்தான் இது.

வேகம்தான் பிரச்சினை என்றால் பணத்தைச் சரியான இடத்தில் செலவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வரும் மாற்றம், எந்த லேசான சிஸ்டத்தாலும் வராது. சாட்டா இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். மிகப் பழைய லேப்டாப்களில் ஐடிஇ இணைப்பு இருக்கும், அதற்குச் செலவு செய்வது வீண். ராம் ஸ்லாட் காலியாக இருந்தால் அதையும் நிரப்புங்கள்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென் டிரைவில் இருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, மூடித் திறந்தால் விழித்துக் கொள்கிறதா என்று ஒரு மணி நேரம் சோதியுங்கள். தமிழையும் மறக்க வேண்டாம். ஐபஸ், எம்17என் இரண்டையும் சேர்த்தால் தமிழ்99 முறையிலும் ஒலிபெயர்ப்பு முறையிலும் டைப் செய்யலாம். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்ட்களில் அடித்த கடிதங்கள் ஹார்ட் டிஸ்கில் இருந்தால், அந்த ஃபாண்ட் ஃபைல்களையும் சேர்த்து காப்பி எடுத்து வையுங்கள். ஃபாண்ட் போய்விட்டால் கடிதம் முழுக்கப் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

ஒரு பழைய லேப்டாப்பைக் குப்பைக்குப் போகாமல் காப்பது நல்ல காரியம். அந்தத் திருப்திக்காக வீட்டில் இருப்பவர்களின் பாஸ்வேர்டையும் பணத்தையும் பணயம் வைக்கக் கூடாது. அடுத்த முறை யாராவது உங்களுக்கு ஒரு சிஸ்டத்தைச் சிபாரிசு செய்தால், அது எத்தனை எம்.பி. என்று கேட்காதீர்கள். எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் சொல்லும் சிஸ்டத்தைப் போட வேண்டாம்.