தல்செவனவில் ஒரு மத்தியானச் சாப்பாடு

கேள்வி வட்ஸ்அப்பில் வந்தது. எங்களில் ஒருத்தியின் மச்சாள், கனடாவில் பிறந்தவ, சென்னைக்கு ஒரு கலியாணத்துக்கு வந்த இடத்தில் உல்லாசக் கப்பலுக்கு ரிக்கற் எடுத்துவிட்டா. சென்னையில் ஏறி அம்பாந்தோட்டை, திருகோணமலை பார்த்து, கடைசியில் காங்கேசன்துறை. "கரையில நிக்கிறது ஒரு பகல்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில தல்செவன எண்டு பேர்போன இடம் ஒண்டு இருக்காம். கடலைப் பாத்துக்கொண்டு சாப்பிடலாமாம், றிவியூ எல்லாம் நல்லாக் கிடக்கு. போகலாமோ?"

அவவின் அப்பா பிறந்தது காங்கேசன்துறையில். 1990 வரைக்கும் அங்கேதான் இருந்தவர்.

நாங்கள் அப்போது மருதனார்மடச் சந்தியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடத்தில் பதில் போட்டுவிடலாம் என்று தொடங்கிய கதை, இரண்டாவது பிளேன்ரீயும் முடிந்து, சந்தைக்கு வந்த மரக்கறி லொறிகள் திரும்பிப் போகும் வரைக்கும் இழுபட்டது. எங்கள் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: போகக் கூடாது. அவ மட்டுமில்லை, நாங்களும் போகக் கூடாது. இரண்டாவதைச் சொல்லத்தான் எங்களுக்கு வாய் கூசியது. ஏன் என்று கீழே வரும்.

தல்செவன என்றால் சிங்களத்தில் பனை நிழல். அழகான பேர். அந்த விடுதியை நடத்துவது இலங்கை இராணுவம். அது ஒன்றும் இரகசியமில்லை, ஒளித்துச் செய்கிற காரியமும் இல்லை. போர் முடிந்த பிறகு, 1990 இலிருந்து சனம் கால் வைக்க முடியாமல் இருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், கடலோரமாக அது எழும்பியது. வீட்டுக்காரருக்குத் திறக்காத பாதை உல்லாசப் பயணிக்குத் திறந்தது. வலிகாமம் வடக்குச் சனம் சுன்னாகம், மல்லாகம், உடுவில் பக்கத்து நலன்புரி முகாம்களில் தகரத்துக்குக் கீழே இருந்துகொண்டு தங்கள் காணியைக் கேட்ட அதே வருஷங்களில், அந்த வலயத்துக்குள் அறை வாடகைக்கு விடப்பட்டது. 2013 ஏப்ரலில் அரசு இன்னொரு படி மேலே போய், 6,381 ஏக்கரைக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டியது. 2,000க்கும் மேற்பட்ட காணிக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகு துண்டு துண்டாகக் காணி விட்டார்கள்: 2016 ஜூனில் காங்கேசன்துறைப் பக்கம் 201 ஏக்கர், 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு 54 ஏக்கர். விட்ட ஒவ்வொரு தடவையும் மேடை, மாலை, கமெரா. விடாத காணிக்கு மேடை கிடையாது.

இனிக் கப்பல். 2023 ஜூன் 16 ஆம் திகதி 'எம்பிரஸ்' முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்தபோது அமைச்சர் வந்து வரவேற்றார், பேப்பர்கள் முன்பக்கத்தில் படம் போட்டன, வடக்கின் பொருளாதாரம் கப்பலேறி வந்துவிட்டது என்கிற மாதிரி. தேடிப் பார்த்தோம். பிரான்ஸில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் வேறொரு பேரில் முதல் பயணிகளை ஏற்றியது 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில். காங்கேசன்துறைச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டதும் அதே 1990 நடுப்பகுதிதான். முப்பத்திமூன்று வருஷம் கரீபியன், ஐரோப்பா, பம்பாய் எல்லாம் சுற்றி, பேர் பலமுறை மாறி, கப்பல் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. காணிக்காரர் சிலர் இன்னும் வந்து சேரவில்லை. நாங்கள் கதைக்காக இதை இட்டுக்கட்டவில்லை, திகதி அப்படித்தான் விழுந்திருக்கிறது.

எங்களுக்குள் வந்த முதல் எதிர்ப்பு: "சாப்பாட்டில என்ன அரசியல்? பசிக்குது, போய்ச் சாப்பிடுறம், வாறம்."

இதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இந்த ஊரில் ஆர் எங்கே இருந்து எதில் குடிப்பது என்பதைவிடப் பெரிய அரசியல் என்ன இருந்தது? தேத்தண்ணிக் கடைகளுக்குள் ஒரு பகுதிச் சனத்தை விடாமல், வாசலில் நிற்க வைத்துப் போத்தலிலும் பேணியிலும் ஊற்றிக் கொடுத்த ஊர் இது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் கடைக்குள் போய் வாங்கில் இருப்பதற்கு அடிபடவேண்டி இருந்தது. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்தில் தொடங்கி யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தது. அடி வாங்கியும் ஊர்வலம் நின்றுவிடவில்லை. சுன்னாகத்திலிருந்து பட்டணம் போகிற காங்கேசன்துறை வீதி, நாங்கள் பிளேன்ரீ குடித்த சந்தியால்தான் போகிறது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததும் காங்கேசன்துறைக்குக் கூப்பிடு தூரம். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்குச் சனம் அடிவாங்கியிருக்கிறது. அதைப் படித்து, அதில் அசைன்மென்ற் எழுதிப் புள்ளியும் வாங்கிப்போட்டு, சாப்பாட்டில் அரசியல் இல்லை என்று நாங்கள் சொல்ல ஏலாது.

அந்த வரலாறு எங்களையும் ஒரு குத்து குத்தும். "எங்கட காணி" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உறுதி உள்ளவனுக்குக் காணி திரும்பியபோது அவன் வேலி அடைக்கப் போனான். முகாமில் கடைசி வரைக்கும் மிஞ்சியவர்களில் பெரும்பகுதி கடற்தொழிலாளரும், காணியே இல்லாமல் இன்னொருவரின் நிலத்தில் குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதிச் சனமும். அவர்களுக்கு இழப்பு ஏக்கர் கணக்கில் இல்லை: கரை, வாடி, வள்ளம் இழுக்கிற மணல். அந்தக் கரையில்தான் இப்போது கதிரை மேசை போட்டுக் 'கடல் காட்சி' விற்கிறார்கள். ஆகவே, தல்செவனவை விட்டு ஆமி எழும்பிப் போனால் அடுத்த நாள் கொழும்பு முதலாளியோ ரொறன்ரோ முதலாளியோ வந்து அதே வேலியை அதே இடத்தில் போட்டால், அதுக்கும் எங்கள் பதில் இதுதான்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கஷ்டமானது. "அங்க எங்கட பெடியள் வேலை செய்தால் அவையின்ர சோத்தில மண் போடுறதோ?" இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க மாட்டோம். 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற ஊரில், ஆர் சம்பளம் தந்தாலும் வாங்குவார்கள், வாங்கத்தான் வேண்டும். வேலை செய்கிறவரை நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் பண்ணைத் தொழிலாளருக்கும் சம்பளம் கொடுக்கிறது. அங்கும் பிழை அந்த ரீச்சரில் இல்லை. பாலர் வகுப்பு நடத்துவதற்கும் மிளகாய்க்குத் தண்ணி கட்டுவதற்கும் பாதுகாப்பு அமைச்சு ஏன் என்பதுதான் கேள்வி. முதலில் காணியையும் கடலையும் எடு, பிறகு வேறு தொழில் இல்லாமல் நிற்பவனுக்கு நீயே வேலை கொடு, பிறகு அவனையே சாட்சியாகக் காட்டு. இந்தச் சூத்திரத்துக்கு வேலைவாய்ப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

கணக்கையும் பாருங்கோ. இந்தச் சந்தியில் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கிற ஒருவர் கடை வாடகை கட்ட வேணும், கடன் கட்ட வேணும், பிரதேச சபைக்குக் கட்ட வேணும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பதில் சொல்ல வேணும். மரக்கறி விலை ஏறினால் பார்சல் விலையை ஏற்றி வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க வேணும். படையினரின் விடுதிக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நிலம் வாங்கவில்லை, ஆளணிக்குச் சம்பளம் எங்கள் எல்லோருடைய வரியில் இருந்து போகிறது. இரண்டு பேருக்கும் இடையில் இருப்பதைப் போட்டி என்று எந்தப் பொருளியல் புத்தகத்திலும் சொல்லியிருக்க மாட்டார்கள். காங்கேசன்துறையோடு இது நிற்கவும் இல்லை. காரைநகர்ப் பக்கம் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டை, 1971 கிளர்ச்சியின்போது ரோகண விஜேவீரவை அடைத்து வைத்திருந்த சிறை. அதைக் கடற்படை இப்போது தங்குவிடுதியாக நடத்துகிறது. சிறைக்குள் படுக்கப் பயணிகள் காசு கட்டுகிறார்கள்.

"உலகத்தில எல்லா இடமும் இப்பிடித்தானே" என்றான் ஒருவன். எல்லா இடமும் இல்லை, ஆனால் சில இடங்கள் உண்டு. சைப்பிரசில் வரோஷா என்ற கடற்கரைப் பட்டினத்தை 1974 இல் துருக்கி இராணுவம் வேலி போட்டு அடைத்தது. 2020 ஒக்ரோபரில் அதில் ஒரு பகுதியைச் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டார்கள். ஊர்ச்சனத்தின் பூட்டிய வீடுகளுக்கும் ஹொட்டேல்களுக்கும் முன்னால் இப்போது பயணிகள் சைக்கிள் ஓடிப் படம் எடுக்கிறார்கள். வீட்டுக்காரர் வரிசையில் நின்று தங்கள் தெருவைப் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே போவதா விடுவதா என்று சைப்பிரஸ்காரருக்குள் நடக்கிற சண்டையும் எங்கள் பிளேன்ரீச் சண்டையும் ஒரே சண்டைதான்.

மூன்றாவது எதிர்ப்பை நாங்கள் மதிக்கிறோம். அது மச்சாளிடம் இருந்தே வந்தது. "அப்பா பிறந்த இடத்தை நான் பாக்கிறதுக்கு வேற வழி இல்லாட்டி? உள்ள போய் ஒரு தேத்தண்ணி குடிச்சாலாவது அந்தக் கடலைப் பாப்பனே."

இதுக்கு உடனே பதில் வரவில்லை. காசு கொடுத்து வாங்குகிற தேத்தண்ணிதான் சொந்த ஊருக்கு நுழைவுச்சீட்டு என்றால், வாங்காதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல நாங்கள் ஆர்? கடைசியில் நாங்கள் சொன்னது: கடலைப் பார். காங்கேசன்துறையில் விடுவிக்கப்பட்ட தெருக்களில் இறங்கி நட. 2015 ஜனவரியில் திரும்ப ரெயில் ஓடத் தொடங்கிய ஸ்ரேசனைப் பார், 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையைப் பார், கூரை இல்லாத வீடுகளுக்குள் வளர்ந்து நிற்கிற ஆலமரங்களைப் பார். நேரம் இருந்தால் தையிட்டிக்குப் போ. தனியார் காணியில் கட்டிய விகாரைக்கு முன்னால் 2023 இல் தொடங்கிக் காணிக்காரர் போராடுகிறார்கள், கொஞ்ச நேரம் அவர்களோடு நில். பசித்தால் பஸ் ஏறு. மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம் என்று வழி நெடுக வடையும் ரோல்சும் தோசையும் இருக்கு. பட்டணம் வரைக்கும் வந்தால் மலாயன் கபேயில் வாழையிலையில் சாப்பிடலாம். கடல் தெரியாதுதான். சில இடத்தில் கை கழுவுகிற குழாயும் சரியாக வேலை செய்யாது, அதையும் மறைக்கத் தேவையில்லை. கப்பலில் வருகிறவர் நம்பி இறங்கக்கூடிய சுத்தமான மலசலகூடமும் நல்ல தண்ணியும் இந்த வீதியில் எத்தனை இடத்தில் உண்டு என்று எங்கள் பிரதேச சபைகளையும் கேட்கத்தான் வேண்டும்.

இனி, வாய் கூசிய விஷயம். மச்சாளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோதே எங்கள் பட்ச்சின் குறூப்பில் ஒரு செய்தி கிடந்தது: இறுதி வருட ஒன்றுகூடல், இடம் தல்செவன, தலைக்கு இவ்வளவு, முற்பணம் கட்டவும். அதுக்குக் கீழே முப்பத்தேழு கைவிரல். அதில் நாலு விரல் எங்களுடையது. நிலம் பற்றிய கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவளும் விரல் காட்டியிருந்தாள், மே மாதம் தையிட்டிக்குப் போய்ப் பதாகை பிடித்தவனும் காட்டியிருந்தான். கடல் இருக்கு, விசாலமான இடம், படம் நல்லா வரும், பட்டணத்து ஹொட்டேலை விட மலிவு. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பிறந்தநாளுக்கும் ஒன்றுகூடலுக்கும் ஊர்ச்சனம் அங்கே போய்ப் போய், அது ஆமியின் இடம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. வருஷத்துக்குச் சில நாள் வருகிற கப்பலை நம்பி அந்த விடுதி ஓடவில்லை. உள்ளூரில் கேக் வெட்டப் போகிற எங்களையும் நம்பித்தான் ஓடுகிறது.

நாங்கள் நாலு பேரும் விரலை எடுத்துவிட்டோம். ஏன் எடுத்தோம் என்று குறூப்பில் எழுதியதும் வந்த பதில்களில் பாதி சிரிப்பு முகம், ஒன்று "உங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு பிரச்சினை", இரண்டு பேர் தனியாக மெசேஜ் போட்டு "நாங்களும் வரேல்ல, ஆனா குறூப்பில சொல்லேலாது" என்றார்கள். அதில் ஒருத்தியின் அம்மம்மா கண்ணகி முகாமில் இறந்தவ. மூன்று வருஷம் ஒரே வாங்கில் இருந்தும் எங்களுக்கு அது தெரியாது.

வேறு இடம் சொல்லுங்கோ என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. மருதனார்மடச் சந்தையில் மரக்கறியும் பருத்தித்துறையில் மீனும் வாங்கி, எங்களில் ஒருத்தியின் வீட்டு முற்றத்தில் ஒடியல் கூழ் காய்ச்சலாம் என்று எழுதியிருக்கிறோம். நாற்பது பேருக்குப் பானை எங்கே என்று ஒருவன் கேட்டான். நண்டு போடாட்டித் தான் வரமாட்டன் என்று இன்னொருத்தி. முற்பணம் கட்டக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. இதுவரை பதினொரு விரல் எடுபட்டிருக்கிறது.