கண்மாய் நிறைந்தால் மடை அடைப்பா?



‘ஐந்தாம் மாத ஸ்கேனில், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு இடது கிட்னியில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை’ என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் பல வீடுகளில் இதே கவலை இருக்கும் என்று தோன்றியதால் இங்கேயே எழுதுகிறேன்.

தங்கையே, முதலில் சாப்பிடுங்கள். 100 கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இப்படித் தெரிவதுண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தி படாமலே சரியாகிவிடுகிறது. கண்மாய் நிறைந்திருப்பதாலேயே மடை அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிட முடியுமா? சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் புறப்படுகிற இடம்தான் இங்கே மடை. அது குறுகியிருக்கிறதா, அல்லது மேலே உள்ள பை மட்டும் சற்று அகலமாக இருக்கிறதா என்பதை ஸ்கேன் படம் தனியாகச் சொல்லாது.

பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவு. அப்போது பார்த்தால் வீக்கமே இல்லாததுபோலத் தோன்றலாம். அதனால் 48 மணி நேரம் கழித்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். ஆனால் இரண்டு பக்கமும் வீங்கியுள்ள ஆண் குழந்தைக்கும், ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்த குழந்தைக்கும் இந்தக் காத்திருப்பு கூடாது. உடனே பார்த்தாக வேண்டும்.

வீக்கம் அதிகமென்றால், நான்கு முதல் ஆறு வாரம் ஆனபின் ரீனோகிராம் எடுக்கச் சொல்வார்கள். மிகச் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசி வழியே செலுத்தி, பிள்ளையை அசையாமல் படுக்கவைத்துக் கேமராவில் பார்ப்பார்கள். கூடவே சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் ஊசியும் உண்டு. மடைக்கு நிறையத் தண்ணீர் விட்டு, வடிகிறதா என்று பார்ப்பதுதான் இது. பாதி மருந்து வடியவே 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் சரியாகப் பால் குடிக்காத பிள்ளை, நிரம்பிய மூத்திரப்பை, ஏற்கெனவே வலுவிழந்த சிறுநீரகம் என்று எதுவும் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழாதீர்கள். மொத்த வேலையில் அந்தச் சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, அடுத்தடுத்த சோதனைகளில் இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதைத்தான் மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பார்.

அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் காஃப் 1987இல் அடைப்புக்கு ஒரு வரையறை தந்தார். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தை மேலும் மேலும் கெடுக்கக்கூடிய தடைதான் அடைப்பு என்றார். அப்படியானால் ஒரே நாளில் எப்படித் தீர்ப்புச் சொல்வது? ‘மூன்று மாதம் கழித்து வாங்க’ என்று மருத்துவர் சொன்னால், தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று மாதமும் சோதனையின் ஒரு பகுதி. பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று அந்தத் தேதியை விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஒரு சிறுநீரகம் சோர்ந்தால் மற்றது சத்தமில்லாமல் சுமந்துகொள்ளும். சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின்கூட இரத்தத்தில் சரியாகவே இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இது வேறு முகம் காட்டும். என் அக்கா மகனுக்கு ஏழு வயதில் அடிக்கடி வயிற்றுவலி, கூடவே வாந்தி. ஓமத் தண்ணீர் கொடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்று நானே கடிந்துகொண்டேன். வலி இல்லாத நாட்களில் எடுத்த இரண்டு ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. தேங்கிய நீர் வடிந்துவிட்டால் வீக்கமும் மறைந்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ‘வலிக்கும்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள்’ என்றார் ஒரு மருத்துவர். ஒரு நள்ளிரவில் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டவனை அப்படியே கொண்டுபோனோம். அன்றுதான் படத்தில் தெரிந்தது.

திரும்பி வரும்போது என் மடியில் படுத்திருந்தவன் கேட்டான்: “இப்பவாவது நம்புறீங்களா சித்தி?”

அன்புடன்,
ஆசிரியர்