பழைய சைக்கிளை என்ன செய்வது?

மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் வீட்டில் ஒரு சர்ச்சை எழுந்தது. மயூர் விஹாரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களைப் பதினைந்து நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிடுவோம் என்று குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. அப்படிக் கிடந்தவை பதினேழு. அதில் பதினாறு, பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு வாங்கி இரண்டு வருஷம் ஓட்டிய கலர் கலரான சைக்கிள்கள். பதினேழாவது என்னுடையது. 1978-ல் வாங்கிய கறுப்பு சைக்கிள், 22 அங்குல ஃப்ரேம், ராடு பிரேக்.

"போட்டுவிடலாம் அப்பா" என்றான் மகன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனோ, "ட்யூஷனுக்கு நான் இதிலேயே போகிறேன் தாத்தா" என்று ஒரே பிடியாக நின்றான். அவன் சிநேகிதர்கள் மத்தியில் பழைய மாடல் சைக்கிளுக்கு இப்போது ஒரு மவுசு உண்டாம். என் மனைவி மட்டும் இரண்டு கட்சியிலும் சேராமல், "என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்தக் கிரீஸ் கையோடு சமையலறைக்குள் வராதீர்கள்" என்று சொல்லிவிட்டாள்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு நம் பத்திரிகையில் இடம் எதற்கு என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். தில்லிக்கு வேலைக்கு வந்த நம்மில் பலர் முதலில் வாங்கிய சொத்தே சைக்கிள்தானே! அரசு ஊழியர்களுக்குச் 'சைக்கிள் முன்பணம்' என்று ஒன்று இருந்தது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2016-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நான் அந்த முன்பணத்தில்தான் வாங்கினேன். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். நேதாஜி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து உத்யோக் பவனுக்குத் தினமும் மிதித்தது அந்த வண்டிதான். இன்று அந்தக் குவார்ட்டர்ஸே இல்லை. 2016-ல் மத்திய அமைச்சரவை அனுமதித்த மறுசீரமைப்புத் திட்டத்தில் நேதாஜி நகர், சரோஜினி நகர், நௌரோஜி நகர் எல்லாம் சேர்ந்துவிட்டன. வீடு போய்விட்டது, வண்டி இருக்கிறது. ஆகையால் எனக்கு அதன்மேல் ஒரு பாசம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் பாசத்தை வைத்து ரிப்பேர் பண்ணக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மகன் வேண்டாம் என்றதற்குக் காரணம் சிக்கனமோ நாகரிகமோ இல்லை. அவன் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. 1992 குளிர்காலம், அவனுக்கு ஏழு வயது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பள்ளத்தில் இறங்கி முன்பக்க ஃபோர்க் வளைந்துபோயிருந்தது. புது ஃபோர்க் போட்டால் அறுபது ரூபாய். நிமிர்த்தி, விரிசல் கண்ட இடத்தில் பித்தளைப் பற்று வைத்தால் பன்னிரண்டு ரூபாய். நான் பன்னிரண்டு ரூபாய்க் கட்சி. நாற்பத்தெட்டு ரூபாய் மிச்சம் பிடித்ததை ஆபீஸில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் பையனை முன்பார்மேல் குட்டி சீட்டில் உட்கார வைத்து அழைத்துப்போய்த் திரும்பும்போது, இறக்கத்தில், பற்று வைத்த இடத்திலேயே ஃபோர்க் முறிந்தது. எனக்கு முழங்கை பெயர்ந்தது. அவனுக்குத் தாடையில் ஐந்து தையல்.

மறுநாளே புது ஃபோர்க் போட்டேன். அதற்குப் பிறகும் வண்டி ஓடியது. 2009-ல் எங்கள் பக்கம் மெட்ரோ வந்ததும் மூலைக்குப் போயிற்று.

இந்த அனுபவத்திலிருந்து எனக்கு ஒரு கேள்வி பிடிபட்டது. பழைய சைக்கிளின் எந்தப் பாகத்தைப் பார்த்தாலும், 'இது கெட்டுப்போனால் வண்டி நின்றுவிடுமா, ஆளைத் தள்ளிவிடுமா?' என்று கேட்க வேண்டும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், மணி எல்லாம் முதல் ரகம். இவற்றைக் கம்பி வைத்துக் கட்டுங்கள், பற்று வையுங்கள், தட்டி நிமிர்த்துங்கள், உங்கள் திறமையை எல்லாம் காட்டுங்கள். மோசம் போனால் பெரும்பாலும் சத்தம்தான் வரும். ஃபோர்க், ஹேண்டில் பார், பிரேக், பெடல் தண்டு, ரிம் ஆகியவை இரண்டாம் ரகம். இவற்றில் வளைந்தது, விரிந்தது, துருவில் மெலிந்தது எதுவானாலும் ரிப்பேர் என்ற பேச்சே கூடாது. மாற்றிவிட வேண்டும். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கண்ணுக்குத் தெரிகிறது என்று மட்கார்டைப் புதிதாக மாற்றி, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஃபோர்க்கின் தலைப்பகுதியில் பற்று வைத்து ஓட்டுகிறோம்.

மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு. ஒன்றோடொன்று கூட்டாகத் தேய்கிற பாகங்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். செயினின் கணுக்கள் அரை அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும். புதுச் செயினில் ஸ்கேலை வைத்தால் 24 கணுவுக்குச் சரியாக 12 அங்குலம் காட்டும். ஆணிகள் தேயத் தேயச் செயின் நீண்டுகொண்டே வரும். 12 அங்குலத்துக்குமேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பின்சக்கரத்து ஃப்ரீவீல் பல்லும் அதற்கேற்றபடி தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் உட்காராமல் குதிக்கும். அதுவும் எப்போது? மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் குதிக்கும். பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்று போதும், வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அந்தப் பின் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சில ரூபாய் சாமான். 'ஓடுகிறதே' என்று விட்டால் பின்னுக்குப் பதிலாகத் தண்டும் அச்சும் தேய்ந்து மூன்றையும் மாற்ற வேண்டிவரும். பேரிங் குண்டுகளில் ஒன்றிரண்டு உடைந்தால் அந்த ஒன்றிரண்டை மட்டும் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய குண்டு தேய்ந்து சிறுத்திருக்கும், புதுக் குண்டு பெரிசாக இருக்கும், பாரம் முழுவதையும் புதுசே தாங்கும். போட்டால் எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஓவர்ஹால் என்பதை 'ஓவராயில்' என்பார்கள். உச்சரிப்பு எப்படியோ, எண்ணெய்க்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது உண்மைதான்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். தெருமுனையில் வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் மிஸ்திரியிடம் தள்ளிக்கொண்டு போனேன். பீகார்க்காரர், நம்மைப் போலவே பிழைக்க ஊரை விட்டு வந்தவர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃப்ரேமைத் துடைத்துப் பார்த்தார். "பாபுஜி, யே தோ ஸோனா ஹை" என்றார். பொன்னோ இரும்போ, 1992-ல் விழுந்த ஃப்ரேமாயிற்றே! இருவரும் சேர்ந்து சோதித்தோம். முன்னால் மோதிய ஃப்ரேமானால் ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் அடிப்பக்கத்துப் பெயிண்ட் சுருங்கியிருக்கும் அல்லது வெடித்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பின்சக்கர அச்சு உட்காரும் ஒரு முனையிலிருந்து நூலை இழுத்து, முன்குழாயைச் சுற்றி, மறு முனையில் கட்டினோம். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. ஃப்ரேம் கோணவில்லை. மழைத் தண்ணீர் இறங்கித் தேங்கும் பெடல் அச்சுக் குழாயின் அடிப்பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தார். துரு மேலோடுதான் இருந்தது.

ஃப்ரேம் கெட்டிருந்தால் நானே கபாடிவாலாவைக் கூப்பிட்டிருப்பேன். கெடாததால் ரிப்பேர் என்று முடிவாயிற்று. அதற்குப் பின்பு மிஸ்திரிக்கும் எனக்கும் தகராறு. "இந்த ஃபோர்க் இன்னும் பத்து வருஷம் ஓடும், எதற்கு வீண் செலவு?" என்றார் அவர். விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் இரண்டு கால்களும் கூடும் இடத்தில் துரு ஊறியிருந்தது. முப்பது வருஷம் முன்பு நான் கேட்டு மகிழ்ந்த யோசனைதான் அது, இந்தத் தடவை கேட்கவில்லை. ஃபோர்க் மாறியது. இரண்டு ரிம்களும் மாறின. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தில்தான் அழுத்தும். அங்கே முலாம் உரிந்து, போக்ஸ் கம்பி நுழையும் துளைகளைச் சுற்றித் துரு அரித்திருந்தது. செயின், ஃப்ரீவீல், டயர், டியூப், பிரேக் கட்டைகள், எல்லாப் பேரிங் குண்டுகளும் புதிது. மட்கார்டு, கேரியர், செயின் கவர், பித்தளை மணி நாலும் பழையவை. பின் மட்கார்டில் இரண்டு இடத்தில் ஒட்டு.

செலவு மூவாயிரத்து இருநூறு ரூபாய்ச் சொச்சம். அதே மாதிரிப் புது சைக்கிள் ஏழாயிரத்துக்குமேல் விலை சொன்னார்கள். மகன் கணக்குப் போட்டான்: "ஏறத்தாழ பாதி விலை ஆகிவிட்டதே. பாதியைத் தொட்டால் புதுசு வாங்கு என்பார்களே?" பொதுவாக அது நல்ல கணக்குத்தான், ஃப்ரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் பொருந்தும். அங்கே எது எப்போது போகும் என்று வெளியே தெரியாது. சைக்கிளில் எல்லாம் வெளியிலேயே இருக்கிறது. எதை மாற்றினோம், எதை விட்டோம் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். கபாடிவாலா எடை பார்த்து அறுநூறு ரூபாய் தருவதாகச் சொன்ன இரும்பு அது.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பழைய மாடல் சைக்கிளில் ஒரு கம்பெனி வண்டிக்கு இன்னொரு கம்பெனி பாகம் பெரும்பாலும் பொருந்தும். 28-க்கு ஒன்றரை டயர் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். 1951-ல் சோனிபத்தில் தொடங்கிய அட்லஸ் கம்பெனியின் சாஹிபாபாத் தொழிற்சாலை, 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்திலேயே, உற்பத்தியை நிறுத்தியது. ஆனாலும் அந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் தெருவில் நிற்கவில்லை. லூதியானாவில் செய்த பாகம் ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் கிடைக்கிறது. செல்போனையும் டிராக்டரையும் நாமே ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று ஆராய 2022-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. இந்தச் சைக்கிளுக்கு அப்படி ஒரு குழு தேவைப்பட்டதே இல்லை.

கீழ்த்தளத்தில் கிடந்த மற்றப் பதினாறைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் ஆறேழு நம் தமிழ்க் குடும்பங்களுடையவை. போய்ப் பார்த்தேன். நாலுக்கு டயர், டியூப், ஒரு சொட்டு எண்ணெய், பிரேக் கம்பி, இவ்வளவுதான் வேலை. பிள்ளை வளர்ந்து சீட் எட்டாத உயரமாகிவிட்டான் என்றால் கீழ்வீட்டுச் சிறுவனுக்குக் கொடுக்கலாமே! இரண்டுக்கு ஃப்ரேமிலேயே வெல்டு விட்டிருந்தது. அவற்றைக் கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். நமக்கு ஆகாதது வேலைக்கார அம்மாவின் பையனுக்கு ஆகும் என்று தானம் செய்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பையனுக்கும் தாடை ஒன்றுதான்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக வண்டி வீட்டுக்கு வந்தது. பேரன் தாவி ஏறப் போனான். "இரு" என்று மகன் தடுத்தான். ஃபோர்க்கின் தலைப்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் தானே ஏறி, காலனியை இரண்டு சுற்றுச் சுற்றி, கேட் அருகே இறக்கத்தில் வேகமாக வந்து பிரேக் பிடித்து நிறுத்தினான்.

"சீட்டைக் கொஞ்சம் இறக்கணும்ப்பா, அவனுக்குக் கால் எட்டாது" என்றான்.