மின்சார வாகன வரி யாரைப் பாதுகாக்கிறது?

யுத்த காலத்தில் வன்னிக்குள் கொண்டு செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பெற்றோலும் இருந்தது, பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் அவர்கள். இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் பற்றரியில் ஓடும் கார் முள்ளிவாய்க்கால் மீனவருக்குக் கனவுதான். அதன் விலையில் பெரும் பங்கு வரி.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1இல் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது விதிக்கப்பட்டவை: சுங்கத் தீர்வை, அதன் மீது 50 சதவீத மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, பெறுமதி கூடியவற்றுக்கு ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வற் வரி. மின்சாரக் காரின் உற்பத்தி வரி மோட்டாரின் வலுவை வைத்துக் கணிக்கப்படுகிறது. அதனால்தான் பீ.வை.டி. கார்களின் மோட்டார் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்ற பிணக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது.

உள்ளூர் உற்பத்தியைப் பாதுகாக்கவே இவ்வளவு வரி என்று சிலர் வாதிடுகிறார்கள். அமெரிக்கா 2024இல் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி விதித்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் 35.3 சதவீதம் வரை மேலதிக வரி விதித்தது. அங்கே பாதுகாக்கத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தியா 50 கோடி டொலர் முதலிட்டுத் தொழிற்சாலை அமைப்போருக்கு மட்டும் வரியை 15 சதவீதமாகக் குறைக்க முன்வந்தது. எமது நாட்டில் நடப்பது பெரும்பாலும் உதிரிப்பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் வேலை. ஆகவே எமது வரி திறைசேரியின் வருமானத்துக்கும் டொலரைக் காப்பதற்குமானது. 2022இல் வங்குரோத்தான நாட்டுக்கு அதுவும் நியாயமான காரணமே. அதை வெளிப்படையாகச் சொல்லலாமே! ஆனால் பெற்றோலுக்கும் டொலர்தான் செலவாகிறது. வன்னி வெயிலுக்கு டொலர் தேவையில்லை.

வரி விதிப்பதில் தேவையைப் பார்ப்பது எமக்குப் புதிதல்ல. மதீனாவுக்கு நபத்திய வணிகர்கள் கொண்டுவந்த கோதுமைக்கும் எண்ணெய்க்கும் உமர் (ரழி) அவர்கள் இருபதில் ஒரு பங்கே அறவிட்டார்கள். வரத்து அதிகரிக்க வேண்டும் என்பது நோக்கம். பருப்பு வகைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு. இமாம் மாலிக்கின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். முள்ளிவாய்க்கால் மீனவருக்கும், 1990இல் வெளியேற்றப்பட்டு மீளக்குடியேறிய நீராவிப்பிட்டி முஸ்லிமுக்கும் தேவை சொகுசுக் கார் அல்ல. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, பஸ். என் கருத்தில், இவற்றின் மின்சார வகைகளுக்கும் பற்றரிக்கும் வரி மிகக் குறைவாக இருக்க வேண்டும். சொகுசுக் காருக்கு இன்றைய வரி தொடரட்டும். பொருத்தும் நிறுவனங்களுக்கான சலுகைக்குக் காலவரையறையும், ஆண்டுதோறும் உயரும் உள்ளூர்ப் பெறுமதிச் சேர்ப்பு நிபந்தனையும் வேண்டும்.

பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயம் அமைக்கப்படும் என்கிறது அரசாங்கம். பெற்றோல் முச்சக்கர வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் பட்டறைகளை அங்கே தொடங்கலாம். வன்னி இளைஞரின் கைக்கு வேலை கிடைத்தால், அப்போது உள்ளூர் உற்பத்தியைப் பாதுகாக்கிறோம் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கும்.