பெருமிதத்துக்குச் சட்டத்தின் துணை வேண்டும்

2009 மே மாதம், வெள்ளை மாளிகைக்கு வந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், தன் தலைமுடியும் அதிபரின் தலைமுடியும் ஒன்றுபோல இருக்குமா என்று கேட்டான். ஒபாமா குனிந்து தலையைக் காட்ட, சிறுவன் தொட்டுப் பார்த்தான். ஒபாமாவை முதல் கறுப்பின அதிபராக்கிய 2008 தேர்தல் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குத் தந்த பெருமிதம் என்ன என்பதற்கு அந்தப் புகைப்படமே சாட்சி.

பெருமிதத்தோடு பலன்களும் இல்லாமல் இல்லை. மருத்துவக் காப்பீடு பரவலானது. தூள் கொக்கைனோடு ஒப்பிடுகையில் கிராக் கொக்கைன் வழக்குகளில் கறுப்பினத்தவரை வாட்டிய 100-க்கு 1 என்ற தண்டனை விகிதம், 2010 சட்டத்தால் 18-க்கு 1 ஆனது.

ஆனால் அதே ஆட்சிக் காலத்தில்தான், இனப்பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசின் முன்அனுமதி பெற வேண்டும் என்ற 1965 வாக்குரிமைச் சட்டத்தின் காப்பு, 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செயலிழந்தது. மறு ஆண்டே ஃபெர்குசன் நகரில் ஆயுதமற்ற கறுப்பின இளைஞர் ஒருவர் காவலரின் துப்பாக்கிக்குப் பலியானார். அதிபரின் நிறம் காவல் நிலையத்தையும் வாக்குச்சாவடியையும் தானாக மாற்றிவிடாது.

முன்அனுமதியை மீட்கும், ஜான் லூயிஸ் பெயரிலான வாக்குரிமை மசோதா 2021-இல் கீழவையில் நிறைவேறியும் மேலவையில் முடங்கியது. அதை நிறைவேற்றுவதே அமெரிக்க நாடாளுமன்றத்தின் கடமை.