பொறுப்பு வந்துவிட்ட பிள்ளைகள்

“அவன் போனதிலிருந்து இவன் பெரிய மனுஷன் ஆயிட்டான் சார்.” தோழனைச் சாவில் பறிகொடுத்த பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியர்கள் இப்படிச் சொல்வதைப் பள்ளி ஆலோசகர்களாகிய நாம் அடிக்கடி கேட்கிறோம். சேட்டை நின்றுவிட்டது, வீட்டுப்பாடம் தவறுவதில்லை, தம்பியைக் கைபிடித்துக் கூட்டிவருகிறான். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் கவலை தருகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி, நாகப்பட்டினக் கடற்கரையில் எத்தனையோ வகுப்பறைகளைப் பாதி காலியாக்கியது. இழப்பைக் குடும்பம் குடும்பமாகக் கணக்கிட்டோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சோற்றைப் பகிர்ந்த பிள்ளை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

வழக்கமே அப்படித்தான் இருக்கிறது. பங்காளிக்கு எத்தனை நாள் தீட்டு என்று நம் வீடுகளில் பெரியவர்களுக்குத் தெரியும். தோழனுக்குத் தீட்டும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. “பயந்துடுவான்” என்று சாவு வீட்டுக்கே அனுப்பாதவர்களும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் இதை அங்கீகாரம் பெறாத துக்கம் என்றார். அழ இடமில்லாத பிள்ளை அடங்கிப்போகிறது. அந்த அடக்கத்தையே நாம் முதிர்ச்சி என்கிறோம்.

இன்னொன்றும் நடக்கிறது. இறந்தவர் திரும்ப வருவதில்லை, உடல் இயங்குவதில்லை, சாவு எல்லாருக்கும் உண்டு என்ற மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் 5 முதல் 7 வயதுக்குள் புரிந்துகொள்வதாக ஸ்பீஸ், பிரென்ட் இருவரின் 1984ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆனால் தாத்தா இறக்கும்போது சாவு வயதானவர்களின் சங்கதியாகவே இருந்துவிடலாம். தன் வயதுப் பிள்ளை இறந்தால் மூன்றாவது உண்மை தன் மேலேயே வந்து விழுகிறது. அம்மா வேலையிலிருந்து வரக் கால்மணி நேரம் தாமதமானால் தெருமுனையில் போய் நிற்பதும், தம்பியின் கையை விடாமல் இறுக்கிப் பிடிப்பதும் அதனால்தான். வெளியே பொறுப்பாகத் தெரிவது உள்ளே ஓயாத காவல்.

உண்மையாகவே வளர்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பிறர் வலியை முன்பைவிட நுட்பமாக அறிகிறார்கள், தனியாக நிற்கும் பிள்ளையிடம் தாமாகப் போய்ப் பேசுகிறார்கள். இந்த வளர்ச்சியையும் அந்தக் காவலையும் பிரித்தறிய நான் வினாத்தாளைவிட விளையாட்டு நேரத்தையே நம்புகிறேன். அரைமணி நேரம் தன்னை மறந்து ஓடி, சண்டை போட்டு, வியர்த்து வருகிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய அச்சமில்லை. மைதானத்தின் ஓரத்தில் சின்னப் பிள்ளைகளின் செருப்பைக் காவல் காத்துக்கொண்டிருப்பவனிடம்தான் போக வேண்டும்.

2022இல் வந்த டிஎஸ்எம்-5-டிஆர் என்ற மனநோய் கண்டறியும் கையேடு, நீடித்த துக்கத்தை இனங்காணப் பெரியவர்களுக்கு 12 மாதமும் சிறார்களுக்கு 6 மாதமும் காலவரை வைக்கிறது. அந்த ஆறாம் மாதத்தில் நம் பள்ளிகளில் யாரும் எதையும் கேட்பதில்லை. பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டு, பெஞ்சுகளும் மாற்றிப் போடப்பட்டிருக்கும்.

ஆகவே நண்பர்களே, பெயரை அடிப்பதற்கு முன் அந்த வகுப்பிடம் சொல்லும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெஞ்சை எப்போது மாற்றலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். ஆறாம் மாதத்தில் அவனைக் கூப்பிட்டு, இறந்த தோழனின் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.