புதிய காமிராவும் புலப்படாத தூசியும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் வழக்கு. ஆயின், விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பாராமல் ஓட்டிச் சென்ற உழவர் எவரும் இலர். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து டிஜிட்டல் காமிரா வாங்கும் நாமோ, பெட்டியின் அழகைக் கண்டு மகிழ்ந்து, உள்ளிருப்பதை ஆராயாமலே வீடு திரும்பிவிடுகிறோம்.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று. நம்மில் பலர் ஆண்டுக்கு ஒரு முறையே ஊர் செல்கின்றோம். தங்கையின் திருமணம், பாட்டனாரின் எண்பதாம் ஆண்டு நிறைவு, குழந்தையின் காதணி விழா என ஏதேனும் ஒன்றை முன்னிட்டே காமிராவும் வாங்கப்படுகிறது. டில்லியில் வாங்கிய காமிராவின் குறை, திருநெல்வேலியில் மணவறைக்கு முன் நிற்கும்போது தெரியவந்தால் என் செய்வது? காமிராவைக் கடைக்காரர் மாற்றித் தரக்கூடும். கடந்துபோன முகூர்த்தத்தை யார் மாற்றித் தருவார்? ஆகவே, பயணத்துக்குச் சில நாட்கள் முன்னரே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பின்வரும் சோதனைகளைச் செய்துவிடுதல் நன்று.

முதலாவதாக, காமிராவின் அடிப்புறத்திலோ உட்புறத்திலோ பொறித்துள்ள வரிசை எண்ணை, பெட்டியின் மேலுள்ள எண்ணோடும் ரசீது, உத்தரவாத அட்டை ஆகியவற்றில் உள்ள எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த காமிராவாயின், அதன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

அடுத்தது தூசிச் சோதனை. லென்ஸைக் கழற்றி மாற்றும் வகைக் காமிராக்களில், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் முன் ஒரு மெல்லிய கண்ணாடி உண்டு. தூசி படிவது அக்கண்ணாடியின் மேல்தான். லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கையில் ஒளி பல திசைகளிலிருந்தும் வந்து விழுவதால் தூசியின் நிழல் கலைந்துவிடும். துளை சுருங்கிய பொழுதே நிழல் திட்டமாக விழும். குழல் விளக்கின் கீழ் ஒரு நூலின் நிழல் மங்கலாகவும், சிறு அகலின் முன் தெளிவாகவும் விழுவதை வீட்டிலேயே காணலாம்.

எனவே, துளையின் அளவை எஃப் 16 அல்லது எஃப் 22 என வைத்து, ஐ.எஸ்.ஓ. அளவை மிகக் குறைத்து, முகில் இல்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படம் எடுக்க வேண்டும். குவியத்தைக் கையால் மாற்றி, காட்சி தெளிவற்றிருக்குமாறு செய்க. சுவரை எடுக்கும்போது காமிராவைச் சற்றே அசைப்பது நலம். சுவரின் கறைகள் கலைந்துபோகும். தூசியோ காமிராவோடு சேர்ந்தே அசைவதால் நிலைத்து நிற்கும். பின்னர்ப் படத்தைக் கணிப்பொறியில் முழு அளவுக்குப் பெருக்கி, மூலை முதல் மூலை வரை பார்த்து வருக. மங்கலான விளிம்புடைய கரும்புள்ளி ஒன்று எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் தோன்றுமாயின் அது தூசியே. படத்தின் மேற்பகுதியில் காணும் தூசி, கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழச் செய்வதே இதற்குக் காரணம்.

எஃப் 22 அளவில் ஒன்றிரண்டு புள்ளிகள் தோன்றினால் கலங்க வேண்டுவதில்லை. எஃப் 8 அளவிலேயே பளிச்செனத் தெரிந்தால்தான் கவனிக்க வேண்டும். தூசியைத் தானே உதறிக்கொள்ளும் ஏற்பாடு இன்று பல காமிராக்களில் உண்டு; 2003-இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஈ-1 காமிராவிலேயே அது அமைந்திருந்தது. அதனை முதலில் இயக்கிப் பார்க்கலாம். போகவில்லையெனில், மின்கலம் நிறைந்திருக்கையில், காமிராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் காற்றை அடிக்கலாம். வாயால் ஊதுதல் கூடாது. எச்சில் தெறித்தால் தூசி கறையாகிவிடும். வேட்டி நுனியாலோ கைக்குட்டையாலோ துடைத்தல் அறவே கூடாது; கீறல் விழுந்தால் அதை நீக்க வழியில்லை.

மூன்றாவது இருட்டுச் சோதனை. லென்ஸின் மூடியை இட்டு, குறைந்த ஐ.எஸ்.ஓ. அளவில் ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் படம் எடுத்தால், படம் முழுதும் கருமையாக இருத்தல் வேண்டும். அதில் சிவப்பு, பச்சை, நீலம், வெண்மை ஆகிய நிறங்களில் ஒரு புள்ளி மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் மின்னினால், சென்சாரின் அந்த நுண்புள்ளி பழுதுற்றது எனக் கொள்ளலாம். முப்பது வினாடி எடுத்த படத்தில் சில புள்ளிகள் மின்னுதல் இயல்பு, அது குறையன்று. புள்ளி காமிராவின் திரையில் மட்டும் தெரிந்து, கணிப்பொறியில் தெரியாவிட்டால், பழுது திரைக்கே உரியது.

நான்காவது லென்ஸ் சோதனை. செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, அதற்கு நேராக முக்காலியில் காமிராவை நிறுத்தித் துளையை அகலத் திறந்து படம் எடுக்க வேண்டும். நான்கு மூலைகளும் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கியிருத்தல் இயல்பே. ஒரு மூலை மட்டும் மிக மங்கி, எதிர் மூலை தெளிவாயிருந்தால் ஐயம் எழுகின்றது. காமிராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் எடுக்க. படத்தின் அதே மூலை மங்கினால் குற்றம் லென்ஸினுடையது. மங்கல் வேறு மூலைக்கு மாறினால் நாம் நிறுத்திய கோணத்தினது.

இவ்வளவு நுணுகிப் பார்ப்பது மிகை என்று சிலர் எண்ணக்கூடும். 2012-இல் வெளிவந்த நிக்கான் டி600 காமிராவில் புள்ளிகள் தோன்றுவதை வாங்கியோர் பலர் எடுத்துக்காட்டினர். 2013-இல் அந்நிறுவனம் அது குறித்து அறிவிப்பு வெளியிட்டது. 2014-இல், உத்தரவாதக் காலம் கடந்தவர்களுக்கும் ஷட்டரைக் கட்டணமின்றி மாற்றித் தர முன்வந்தது. நுணுகிப் பார்த்தவர்களால் எல்லோரும் பயனுற்றனர்.

குறை உண்மையெனத் தெளிந்தால் காலந்தாழ்த்தலாகாது. சோதனைப் படங்களைத் திருத்தாமல் தேதியோடு சேமித்து வைத்து, ரசீதுடன் கடைக்காரரை அணுக வேண்டும். குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற மறுத்தல் முறையற்ற வாணிகம் என 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. வாங்கிய ஊரை விட்டு வேறூருக்கு மாற்றலாகிச் சென்றவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. வழக்குத் தொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட அச்சட்டம் இடமளிக்கின்றது. அறிவுரை வேண்டுவோர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம்.

வாங்கிய பின் காப்பதும் நம் கடமையே. டில்லியின் கோடைப் புழுதிக் காற்றில் லென்ஸைக் கழற்றாதீர்கள். பம்பாய், கல்கத்தா நகரங்களின் மழைக்கால ஈரத்தில் தோற்பைக்குள்ளேயே அடைத்து வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் படரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வைப்பது நலம்.

ஊரிலுள்ள முதியோரின் முகங்களை நம் பிள்ளைகள் நாளை காணப்போவது பெரும்பாலும் படங்களில்தான். அம்முகங்களின்மேல் ஒரு கரும்புள்ளி விழாமல் காப்பதற்கு ஒரு மணி நேரம் செலவிடுவது வீண் அன்று.